ஊஞ்சல் வீட்டு நடை

எலோவோ
1974 செப்டம்பர் 8

அன்புள்ள வெலிகாவுக்கு,

நானும் உன் அண்ணனும் குழந்தை நேதாவும் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் இருமல் விட்டதா? புகையிலையைக் கோத்துக் காயப்போட்டாயிற்று. உருளைக்கிழங்கு தோண்ட ஆரம்பித்திருக்கிறோம். போன ஞாயிறு உன் அம்மா கல்லறைக்கு வேகவைத்த கோதுமை எடுத்துப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம்.

நேதாவைப் பற்றி ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவளுடைய இடது கால் குட்டை. மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கி நிறுத்தினால் இடது முழங்கால் தாழ்ந்து நிற்கிறது. தொடையை அகட்டினால் வலது கால் விரிகிற அளவு இடது விரிவதில்லை. நடக்கும்போது எட்டு எடுத்து வைக்கும்தோறும் இடது பக்கம் சாய்ந்து எழுகிறாள். உனக்குத் தெரியாததா, உங்கள் வீட்டு நடைதான்.

ஊருக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். உன் அம்மா போன பிறகு, நீயும் சோஃபியாவிலேயே தங்கிவிட்ட பிறகு, ஊஞ்சல் வீட்டில் ஊஞ்சலே இல்லை, ஆடி நடக்க ஒரு பெண் இல்லையென்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா? எலியா திருநாளில் எல்லோரும் கைகோத்து ஆடும்போது உன் அண்ணன் நேதாவை வரிசைக்கு முன்னால் இறக்கிவிட்டார். நம் ஊர் ஆட்டத்தில் ஓர் எட்டு மட்டும் தாழ்ந்து எழுமே, உங்கள் வீட்டுப் பெண்களைப் பார்த்து ஊரே பழகிக்கொண்ட எட்டு, அது இவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. பைக்குழல்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் கை தட்டினேன். ஆனால் என் கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை.

தடுப்பூசி போட வந்த டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது, மூன்று வயதுக்குள் சோஃபியாவுக்குக் கொண்டுபோங்கள், அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்றார். உன் அண்ணனிடம் சொன்னேன். என் அம்மா இந்தக் காலோடுதான் அறுபது வயது வரை மலை ஏறி இறங்கினாள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நீ அங்கே இருக்கிறாய். குழந்தைகளுக்கு எலும்பு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் ஒரு தடவை விசாரித்துச் சொல்வாயா? உன் நடையைக் குறை சொல்வதாக மட்டும் நினைத்துவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணி ரூஜா


சோஃபியா
1974 செப்டம்பர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இருமல் விட்டது. கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உங்கள் எல்லோருடைய நலத்தையும் வேண்டுகிறேன்.

குறை சொல்லவில்லை என்று எழுதிவிட்டுக் குறையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். வயதில் என்னைவிடச் சின்னவர், உறவில் பெரியவர், அதனால் பொறுத்துக்கொள்கிறேன். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் ஓடுகிற டிராமில் டிக்கெட் கிழிக்கிறேன். மற்ற கண்டக்டர்கள் வளைவில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். நான் பிடிக்கவே மாட்டேன். டிராமும் ஆடும், நானும் ஆடுவேன், கணக்குச் சரியாகிவிடும். நீங்கள் கல்யாணமாகி நம் வீட்டுக்கு வந்த அன்று ஊர் என்ன சொன்னது, ஞாபகம் இருக்கிறதா? மனோல் ஒரு போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று சொன்னது. அவ்வளவு விறைப்பான நடை உங்களுடையது. நாங்கள் எதுவும் சொன்னோமா?

இப்படியெல்லாம் கோபப்பட்டுக்கொண்டுதான் அந்த மருத்துவமனைக்குப் போனேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அதை உங்களுக்கு எழுதுவதாக உத்தேசம். நீளமான நடைவழி. அந்தக் கோடியில் வெள்ளை அங்கி போட்ட ஓர் அம்மா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். டாக்டர் இக்னாதோவா என்று பெயர். நான் பக்கத்தில் போய் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் கேட்டார்.

“இடது இடுப்பு. சின்ன வயசுல யாருமே பாக்கலையா?”

எனக்காக வரவில்லை என்றேன். பின்னே யாருக்காக என்றார். அண்ணன் மகளுக்காக என்றதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. உடனே கூட்டிக்கொண்டு வா என்றார்.

கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணி. எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை. ஆனால் அந்தப் பார்வையை மறக்கவும் முடியவில்லை. அண்ணனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நேதாவைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அனுப்பிவை என்று மட்டும். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

உங்கள்
வெலிகா


சோஃபியா
1974 அக்டோபர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நேதாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்ததற்கு அண்ணன் கத்தினாரா? மலைப்பாதையில் பனி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். இங்கே நேதா நலம். நானும் நலம்.

நீங்கள் பஸ் ஏறிய அன்று அழுதாள், மறுநாளும் அழுதாள், அப்புறம் பக்கத்துக் கட்டில் பையனோடு சண்டை போடுவதில் அழுகை மறந்துவிட்டது. அம்மாக்கள் கூடவே தங்கக் கூடாது என்பது என்ன சட்டமோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். ஒரு ஞாயிறும் தவறாமல் போவேன், கவலை வேண்டாம். இரண்டு காலையும் தூக்கிக் கட்டி எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். மேலே ஏறிப்போன எலும்பை மெல்ல மெல்லக் கீழே இறக்குவதற்காம். வலிக்கிறதா என்று கேட்டேன். நான் வௌவால் என்றாள்.

அண்ணி, நான் ஒன்றைப் பார்த்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். தொடை எலும்பின் தலையில் ஒரு பந்து. இடுப்பில் ஒரு கிண்ணம். வலது பக்கம் பந்து கிண்ணத்துக்குள் இருக்கிறது, கிண்ணத்தின் கூரை அதை நன்றாகக் கவிந்து மூடியிருக்கிறது. இடது பக்கம் கூரை சரிவாக இருக்கிறது, பந்து அதில் வழுக்கி மேலே போய்விட்டது. நம் வீட்டு நடை, ஊரே ஆடுகிற அந்த நடை, அவ்வளவுதான். வழுக்கிவிட்ட ஒரு பந்து. வாயடைத்துப் போய் நின்றேன்.

குழந்தையைக் கட்டி வைத்தீர்களா என்று கேட்டார். கட்டினோம் என்றேன். கால் நேராக வளரட்டும் என்று துணிப்பட்டையால் இடுப்பிலிருந்து பாதம் வரை இறுகக் கட்டுவதுதானே நம் வழக்கம். ஆண் பிள்ளைகளையுமா என்றார். இல்லை, பையன்கள் உதைத்து விளையாடட்டும் என்று விட்டுவிடுவோம், பெண்களை மட்டும்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பிறக்கும்போதே சிலருக்குக் கூரை கொஞ்சம் ஆழமில்லாமல் இருக்கும், குடும்பத்தில் ஓடும், பெண்களுக்கு அதிகம், காலை அகட்டி விட்டால் பல பேருக்குத் தானாகவே சரியாகியிருக்கும், நேராக இழுத்துக் கட்டினால் பந்து வெளியே போகும் என்றார். கால் நேராக இருக்கட்டும் என்று கட்டிய கட்டு.

அம்மா நேதாவைக் கட்டும்போது பாடிக்கொண்டே கட்டியது என் கண்ணிலேயே நிற்கிறது. அன்பைத் தவிர அந்தக் கையில் வேறென்ன இருந்தது?

அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார். அப்பாவின் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டார்களாம். படத்தைப் பார்த்து டாக்டரே வரைந்து கொடுத்த கோட்டுச் சித்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணனிடம் காட்டுங்கள். பேசாதீர்கள், காட்டுங்கள்.

என்னையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். பார்த்துக்கொள்ளுங்களேன் என்றேன். அடுத்த வாரம் தெரியும்.

உங்கள்
வெலிகா


எலோவோ
1974 நவம்பர் 3

அன்புள்ள வெலிகாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் என் கண்மணியும் நலம்தானே? அக்ரூட்டும் ரோஜா ஜாமும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். ஜாம் அவளுக்கு, அக்ரூட் உனக்கு. மாற்றித் தின்னாதே.

உன் கடிதம் வந்த அன்றே நான் செய்த முதல் தப்பு, பேசியது. நீ பேசாதே என்று எழுதியிருந்தும் பேசினேன். அவர் கத்தினார், நான் கத்தினேன். என் தங்கையை யார் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றார்கள், அவளாக வேண்டாமென்றாள், என் அம்மாவை எங்கள் அப்பா ஆட்ட வரிசையில் பார்த்துத்தான் பெண் கேட்டார், அறுத்துத் தைத்து நொண்டியாக்கிவிட்டால் நீ பதில் சொல்வாயா என்று கேட்டார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறதே.

மூன்று நாள் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். நாலாம் நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சித்திரத்தை வைத்துவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. காகிதத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கல் வைத்து வீடு கட்டிய மனுஷன் அல்லவா.

“இந்தச் சரிவுல எதை வச்சாலும் நிக்காது, ரூஜா” என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் என்னைத்தான் குடைந்தார். எங்கே வெட்டுவார்கள், வெட்டிய பாகத்தை எப்படித் தாழ்த்துவார்கள், இடைவெளியில் எதைச் செருகுவார்கள், அதற்குக் கல் எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்று. கல் இல்லை, எலும்பு என்றேன். அதுதான் எங்கிருந்து என்றார். எனக்கென்ன தெரியும், நீ கேட்டு எழுது.

உன் படம் என்னவாயிற்று? நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
உன் அண்ணி ரூஜா

வெலிகா, கையெழுத்துப் போட்டுத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்குக் கம்பளிச் சாக்ஸ் போடச் சொல். உன் அண்ணன் மனோல்.


சோஃபியா
1974 நவம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

முதலில் இதைப் படியுங்கள்: நன்றாக இருக்கிறாள். விழித்தாள், தண்ணீர் கேட்டாள், என்னைத் திட்டினாள். இனிமேல் மற்றதைப் படிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே எடுத்துப் போனார்கள். லீவு கேட்டேன், கொடுக்கவில்லை, ஷிப்டு மாற்றிக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் என்னோடு இன்னோர் அப்பா உட்கார்ந்திருந்தார். பிளேவன் பக்கத்து ஆள், தொப்பியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். மதியம் தாண்டி டாக்டர் வந்தார். முகமூடியின் அடையாளம் மூக்கில் சிவப்பாக இருந்தது. முடிந்தது, பந்து உள்ளே உட்கார்ந்துவிட்டது என்றார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய வேலை செய்த கை, என் கையைவிடச் சின்னதாக இருக்கிறது அண்ணி.

அண்ணன் கேட்டதைக் கேட்டேன். எலும்பு எங்கிருந்தும் கொண்டுவரவில்லையாம். அவளுடைய இடுப்பின் மேல் விளிம்பிலிருந்தே ஒரு சின்னத் துண்டை ஆப்பு மாதிரி சீவி எடுத்து, கூரையை வெட்டிய இடத்தில் செருகியிருக்கிறார்கள். சரிந்த கூரை அதன்மேல் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது. கம்பி இரண்டு வைத்திருக்கிறார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் குழி விழாதா என்று கேட்டேன். வளர்ந்துவிடும், குழந்தை அல்லவா என்றார். கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டது, நாளைக்கு வரும் என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அவளை அறுத்து எடுத்ததை அவளுக்குள்ளேயே வைத்து, அது ஒட்டி, வளர்ந்து, எடுத்த இடமும் நிரம்பி! வீடு வரும் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். டிராமில் எனக்கே டிக்கெட் வாங்க மறந்துவிட்டேன்.

இப்போது மார்பிலிருந்து இடது பாதம் வரை மாவுக்கட்டு. அண்ணா, சாக்ஸ் ஒரு காலுக்குத்தான் போட முடியும். இன்னொன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பொம்மலாட்டம் நடத்துகிறாள்.

உங்கள்
வெலிகா


எலோவோ
1974 டிசம்பர் 15

அன்புள்ள வெலிகாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா, கால் வலி ஏதும் உண்டா? இதை முதன்முதலாகக் கேட்கிறேன். இத்தனை வருடம் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் வீட்டில் யாரும் வலிக்கிறது என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பனி வாசல் உயரத்துக்கு நிற்கிறது. பஸ் ஓடவில்லை. பாதை திறந்திருந்தால் நடந்தாவது வந்து பார்த்திருப்பேன். உன் அண்ணன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். மதுக்கடையில் போய் மேசைமேல் சீஸ் கட்டியை வெட்டி, ஒரு துண்டைச் செருகி, இப்படித்தான் கூரையைத் தாழ்த்தினார்கள் என்று காட்டியிருக்கிறார். எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்களாம். கடைசியில் ஒருவன் சீஸைத் தின்றுவிட்டானாம்.

ஆனால் எல்லோரும் அப்படியில்லை. கிணற்றடியில் என் காதுபடவே பேசுகிறார்கள். நேராக நடக்கிற மருமகள் வந்தாள், பெண்ணையும் நேராக்குகிறாள், இனி ஆட்டத்துக்கு யார் முன்னால் நிற்பது என்று. குடத்தை எடுத்துக்கொண்டு இன்னும் விறைப்பாக நடந்து வந்துவிட்டேன்.

உன் எக்ஸ்ரே படத்தைப் பற்றி இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணி ரூஜா


சோஃபியா
1975 பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னியுங்கள். பனியில் டிராம் தண்டவாளமெல்லாம் உறைந்து வேலை கழுத்தைப் பிடித்தது. நேதா நலம். உங்கள் நலமே என் நலம்.

ஜனவரி தொடக்கத்திலேயே மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே கால் குச்சியாக, தோல் உரிந்து, பரிதாபமாக இருந்தது. பயந்துவிட்டேன். ஆனால் இரண்டு முழங்காலையும் மடக்கி நிறுத்திக் காட்டினார் டாக்டர். ஒரே உயரம். நீங்கள் இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உங்களை நினைத்தேன்.

புதுப் படமும் எடுத்தார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பந்து கிண்ணத்துக்குள் இருக்கிறது. இன்னும் ஒன்று சொன்னார், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நான் கூரையைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான், கிண்ணத்தை இனிமேல் இவள்தான் செய்வாள் என்றார். பந்து உள்ளே இருக்கிறது என்பது எலும்புக்குத் தெரியுமாம். தெரிந்துகொண்டு, அந்தப் பந்துக்கு ஏற்ற மாதிரி, அவள் நடக்க நடக்கக் கிண்ணம் ஆழமாக வளருமாம். பந்து இல்லாவிட்டால் வளராது. படத்தில் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, புதிதாக வளர்ந்த எலும்பு. காட்டினார். நம் நேதா, பக்கத்துக் கட்டில் பையனிடம் பிஸ்கட் பிடுங்கித் தின்கிறவள், அவளுக்கே தெரியாமல் உள்ளே இவ்வளவு நுணுக்கமாக ஒரு கிண்ணம் செய்துகொண்டிருக்கிறாள். அவளைத் தொடவே பயமாக இருந்தது எனக்கு. கோயிலில்கூட இப்படி நின்றதில்லை.

தண்ணீர்த் தொட்டியில் விட்டு நடக்கப் பழக்குகிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டும் நடக்கவைக்கிறார்கள். மார்ச் கடைசியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு போய்விடுகிறேன். அவளைக் கூட்டிவருவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அவள் போன பிறகுதான் எழுந்திருப்பேன். கூட்டமில்லாமல் வசதியாக இருக்கிறது.

உங்கள்
வெலிகா


எலோவோ
1975 ஏப்ரல் 6

அன்புள்ள வெலிகாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் உடம்புக்கு நலம். மனதுக்கு இல்லை.

நேதாவை அழைத்துப்போக நானும் உன் அண்ணனும் வந்த அன்று நீ வரவில்லை. டூட்டி என்று சொல்லியனுப்பினாய். உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சரி, போகட்டும்.

நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து அவள் நடந்து வந்தாள். சாயவில்லை. எழவில்லை. வந்துகொண்டே இருந்தாள். உன் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊர் வந்ததும் தெருவே வேலியோரம் வந்து நின்று பார்த்தது. கிணற்றடியில் அன்று பேசினவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. புதன்கிழமை முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். நேதா களஞ்சியப் பக்கமிருந்து வந்தாள். சாய்ந்து சாய்ந்து வந்தாள், வெலிகா. இடது பக்கம். பழைய மாதிரியே. துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. தூக்கிப் படுக்கவைத்து முழங்காலை மடக்கிப் பார்த்தேன், ஒரே உயரமாகத்தான் இருக்கிறது. வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள். மறுநாளும் அப்படி நடந்தாள். அதற்கடுத்த நாள் நேராக நடந்தாள். நேற்று மறுபடியும்.

உன் அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். கையைக்கூடக் கழுவாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் நின்னுடுச்சுன்னு நெனச்சேன்” என்றார்.

அந்தக் கூரையைத்தான் சொல்கிறார். என்னால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். டாக்டரிடம் உடனே கேள். திரும்ப வெட்ட வேண்டுமென்றால் அதையும் கேள். நம் வீட்டில் சாய்ந்து நடக்கிறவர்கள் இப்போது யாருமில்லை, பார்த்துப் பழகினாள் என்று சொல்லவும் வழியில்லை.

அன்புடன்,
ரூஜா


சோஃபியா
1975 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பயப்படாதீர்கள். கூரை நிற்கிறது. அண்ணனிடம் உடனே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் ஓடினேன். கடைசியாக எடுத்த படத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு நாள் சாய்வு, ஒரு நாள் நேர் என்றால் மூட்டு விலகவில்லை, விலகியிருந்தால் லீவு விட்டு லீவு விட்டு நொண்ட முடியாது என்றார். சந்தேகத்துக்கு ஜூனில் கொண்டுவரச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார், யாரைப் பார்த்துச் செய்கிறாள்?

கேட்கும்போது என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி, ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்து நடக்க ஆரம்பித்த முதல் ஞாயிறு, நான் விடைபெற்றுக்கொண்டு போகும்போது பின்னால் நர்ஸுகள் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நேதா, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, என்னைப் போலவே சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் முன்பே போய் உட்கார ஆரம்பித்தேன். அவளுக்கு எதிரில் நான் நடப்பதையே விட்டுவிட்டேன். நீங்கள் அழைத்துப் போக வந்த அன்று எனக்கு டூட்டி இல்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, நீங்கள் மூன்று பேரும் டிராம் ஏறும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியில் ஏறிய அழகைப் பார்த்தேன். போதும் எனக்கு.

என் படத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எழுதுகிறேன். கிண்ணம் வளரும் வயது எனக்கு எப்போதோ தாண்டிவிட்டது. அவளுக்குச் செய்ததை எனக்குச் செய்ய முடியாது. வலி தாங்காத காலம் வரும்போது வா, வேறு ஏதாவது பார்க்கலாம் என்றார். அக்டோபர் கடைசியிலேயே சொன்னது. வீட்டுக்கு வந்து அழுதேன், அதனால்தான் எழுதவில்லை. நேதாவுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே எனக்காக அழுதேன், இரண்டும் ஒரே நேரத்தில் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. என் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு டாக்டர் வெகுநேரம் பார்த்தார். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். என் பந்துக்கு வீடு கிடைக்கவில்லை அல்லவா, அது மேலே ஏறிப் போய், வெறும் இடுப்பெலும்பில் தானாகவே அழுத்தி அழுத்தித் தனக்கு ஒரு சின்னக் குழியைச் செய்துகொண்டிருக்கிறது. யாரும் வெட்டவில்லை, யாரும் செருகவில்லை. இவ்வளவு வருடமும் அந்தக் குழியில் நின்றுதான் மலை ஏறினேன், ஆடினேன், டிராமில் நிற்கிறேன். “எந்த வைத்தியரும் செய்யலை, இந்த உடம்பே செஞ்சுகிட்டது” என்று அந்த அம்மா பிள்ளைகளுக்குச் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கா, அந்தக் குழிக்கா, தெரியவில்லை.

ஈஸ்டருக்கு நான் வரவில்லை. இனிக் கொஞ்ச வருடத்துக்கு வர மாட்டேன். அவள் நடை நன்றாக ஊன்றிப் போகட்டும். அந்தக் கிண்ணம் எப்படி வளர்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான், அதை நானே கெடுக்க மாட்டேன். அவளுக்கு என் முத்தங்கள். அத்தைக்கு வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
வெலிகா


எலோவோ
1975 ஏப்ரல் 27

அன்புள்ள வெலிகாவுக்கு,

எல்லோரும் நலம். உன்னை நலமா என்று கேட்கப்போவதில்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். கடிதத்தைப் படித்து உன் அண்ணன் அழுதார் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை.

நேற்று அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். உன் அண்ணன் புதிதாகக் கட்டும் சுவர் வரை போனாள். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை நீட்டிக்கொண்டு நடந்தாள், உங்கள் டாக்டர் அம்மாவேதான். பிறகு தோளில் இல்லாத கல்லைத் தூக்கிக்கொண்டு முக்கி முக்கி நடந்தாள். பிறகு கோழி. பிறகு நெஞ்சை நிமிர்த்திக் குதிகாலைத் தரையில் அடித்து ஒரு நடை, பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது, அது நான். பிறகு இடது பக்கம் சாய்ந்து எழுந்து நடந்தாள். வழியை மறித்து நின்று கேட்டேன்.

“இது யாரு?”

“அத்தை.”

“சரி, நேதா எப்படி நடப்பா?”

இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தாள். நேராக, வேகமாக, எங்கள் யாருடையதும் இல்லாத ஒரு நடை. சுவர்மேல் உன் அண்ணன் கொத்துக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். சாந்து காய்ந்துகொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

நீ எலும்பைப் பார்த்து வாயடைத்துப் போனாய். நான் இதைப் பார்த்து. வெலிகா, உங்கள் வீட்டில் பிறந்த பெண்களுக்கு ஒரே ஒரு நடைதான் இருந்தது, வேறு நடக்க முடியாது. எனக்கும் ஒன்றுதான், ஊர் சிரிக்கிற நடை. எந்த நடை வேண்டுமானாலும் எடுத்து நடந்துவிட்டுத் தன் நடைக்குத் திரும்பி வருகிற முதல் பெண் இவள். அந்த இடுப்பை உன் கால் எப்படிக் கெடுக்கும்? டாக்டர் அப்படிச் சொன்னாரா? சொல்லவில்லை. நீயாகச் சொல்லிக்கொண்டாய்.

இரவு படுக்கும்போது உனக்கு வேலை அதிகம் என்று சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அத்தை நடை சரியாவே வர மாட்டேங்குது. எனக்கு மறந்துபோகுது. வரச் சொல்லும்மா, இன்னொரு தடவ பாக்கணும்.”

வியாழக்கிழமை ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் ஏற்றுவோம். மே தின லீவுதானே, புதன் ராத்திரி பஸ் ஏறினால் வந்துவிடலாம். நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்தே வா, அவள் எதிரே வருவாள்.

உன் அண்ணி
ரூஜா